இலங்கையில் இறந்த அண்ணனுக்கு ஊரில் பெயர்க்கல்: இடத்தின் பெயரை எழுதலாமா?

எல்லையோரத் தங்கை:

வணக்கம். முன்னாள் ராணுவத்தினர், ஊராட்சி நடைமுறை தெரிந்தவர்கள், கல் வேலை தெரிந்தவர்கள் யாராக இருந்தாலும் யோசனை சொல்லுங்கள்.

எங்கள் ஊருக்கு, குடியாத்தத்திலிருந்து பலமநேர் போகும் ரோட்டில், சைனகுண்டா சோதனைச்சாவடிக்கு முன்னாலேயே உள்ளே திரும்ப வேண்டும். சாவடி தாண்டினால் ஆந்திரா. அப்பா கைலி நெய்தவர். அண்ணன் பத்தாவது முடித்து, சில வருஷம் அப்பாவோடு தறியில் உட்கார்ந்துவிட்டு, ஆள் எடுப்புக்குப் போய்த் தேர்வாகி, பெங்களூரு அல்சூர் ஏரிக்குப் பக்கத்தில் இருக்கும் மெட்ராஸ் சப்பர்ஸ் (ராணுவத்தின் பொறியாளர் படைப்பிரிவு) சென்டரில் சேர்ந்தான். 1987-ல் இந்திய அமைதிப்படையோடு இலங்கைக்குப் போனான். 1988-ல், பொங்கல் கழிந்த கொஞ்ச நாளில், யாழ்ப்பாணம் பக்கம் ஒரு ரோட்டில் கண்ணிவெடியில் இறந்துபோனான். வயது 23. கல்யாணம் ஆகவில்லை.

உடம்பு வரவில்லை. அங்கேயே தகனம் செய்துவிட்டு, வாயில் சிவப்புத் துணி கட்டிய செம்பில் அஸ்தியை இரண்டு சிப்பாய்கள் கொண்டுவந்தார்கள். அப்புறம் அவனுடைய டிரங்குப் பெட்டி வந்தது. கறுப்புப் பெயின்ட் அடித்த இரும்புப் பெட்டி, மூடியில் வெள்ளை எழுத்தில் எண்ணும் பேரும். உள்ளே ஒரு மெஸ் டின், முடி தேய்ந்துபோன பாலிஷ் பிரஷ், நாங்கள் அவனுக்கு எழுதிய கடிதங்கள் மொத்தமும், ஒரு ஜோடி கம்பளி சாக்ஸ். சாக்ஸின் குதிகால் கிழிந்து அவனே தைத்திருந்தான். தையல் இருந்த இடத்தைத் தடவிப் பார்த்தால்தான் தெரியும், அவ்வளவு நெருக்கமாகப் போட்டிருந்தான். அறுந்த இழையைப் பிணைக்கச் சின்ன வயதிலேயே பழகிய கை.

அவன் எழுதிய கடிதங்களில் இடத்தின் பெயர் இருக்காது. எழுதக் கூடாது என்பது படையின் விதி. '56 ஏ.பி.ஓ.' என்ற ராணுவத் தபால் முகவரி மட்டும்தான். அம்மாவுக்கு எழுத்து தெரியாது, நான்தான் படித்துக் காட்டுவேன். 'இங்கே மண் நம்ம கொல்லை மாதிரியே சிவப்பு. எங்கே திரும்பினாலும் பனைமரம். வேலியைக்கூடப் பனையோலையில்தான் கட்டியிருக்கிறார்கள். கிணற்றில் துலா போட்டு, ஒரு ஆள் துலா மேலேயே முன்னும் பின்னும் நடந்து தண்ணீர் இறைக்கிறான்' என்று ஒரு கடிதத்தில் எழுதியிருந்தான். இன்னொன்றில், 'நான் தமிழ் பேசுவதைக் கேட்டுவிட்டு ஒரு ஆயா குடிக்கத் தண்ணீர் கொடுத்தது. பெற்றவள் இருக்கிறாளா என்று கேட்டது. இருக்கிறாள் என்றேன். அப்போ ஏன்டா இங்க வந்தே என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டது' என்று எழுதியிருந்தான். இந்த வரியை நான் அம்மாவுக்குப் படித்துக் காட்டவில்லை. அவன் இறந்த பிறகுதான் அவளுக்குப் படித்துக் காட்டினேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஊரில் அவன் பெயரில் ஒரு கல் வைப்பது என்று முடிவாகியிருக்கிறது. அம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது, அவள் கண் தெரியும்போதே வைத்துவிட வேண்டும் என்று எனக்கு அவசரம். ஊர்ப் பெரியவர்கள் யாரும் எதிர்க்கவில்லை, பணம் கொடுக்கவும் ஆள் இருக்கிறது. ஆனால் கல்லில் என்ன எழுதுவது என்று உட்கார்ந்தபோது, 'நாட்டுக்காக உயிர் நீத்தார் என்று போடு, போதும். இலங்கை என்று போடாதே. நாளைக்கு எவனாவது வந்து பிரச்சினை பண்ணுவான், தேர்தல் நேரத்தில் கல் மேல் தாரைப் பூசுவான்' என்கிறார்கள். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, பயத்தில் சொல்கிறார்கள். அந்தப் பயம் எங்கள் வீட்டிலேயே இருந்ததுதான். 1991-ல் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட பிறகு, பையன் எங்கே போனான் என்று யாராவது கேட்டால் அப்பா 'மிலிட்டரியில போயிட்டான்' என்பதோடு நிறுத்திக்கொள்வார். சாகிறவரை அப்படித்தான் சொன்னார்.

1999-ல் கார்கில் போரில் இறந்த மேஜர் சரவணனின் உடல் திருச்சிக்கு வந்து, ஊரே திரண்டு நின்றதை டிவியில் காட்டினார்கள். அம்மா பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, 'என் பிள்ளைக்கு ஏன்டி இப்படி யாரும் வரல?' என்றாள். எனக்குப் பதில் தெரிந்திருந்தது. சொல்லத்தான் முடியவில்லை.

'நாட்டுக்காக' என்று மட்டும் போட்டால், பத்து வருஷம் கழித்துப் படிக்கிற பிள்ளை கார்கில் என்று நினைத்துக்கொள்ளும். அவன் யாழ்ப்பாணத்து மண்ணில் செத்தான். அதை எழுத வேண்டும் என்பதுதான் என் எண்ணம். எழுதலாமா? எழுதினால் சட்டப்படி ஏதாவது தடை உண்டா? டெல்லியில் கட்டியிருக்கும் போர் நினைவிடத்தில் அவன் பெயர் இருக்குமா, அதை எப்படிப் பார்ப்பது? கல்லை எங்கே வைத்தால் தொந்தரவு வராது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கணியம்பாடி ஹவில்தார்:

தங்கச்சி, முதலில் அம்மாவுக்கு என் நமஸ்காரத்தைச் சொல்லுங்கள்.

நான் கணியம்பாடி பக்கம். எங்களுக்கு அடுத்தாற்போல இருக்கும் கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள், வீட்டுக்கு ஒருவராவது பட்டாளத்தில் இருப்பார்கள். நான் காலாட்படை. 1988-ல் வவுனியா பக்கம் இருந்தேன். உங்கள் அண்ணனைத் தெரியாது. ஆனால் சப்பர்கள் என்ன வேலை செய்தார்கள் என்று தெரியும், ஏனென்றால் அவர்கள் முன்னால் நடந்தால்தான் நாங்கள் பின்னால் போக முடியும்.

காலையில் கான்வாய் கிளம்புவதற்கு முன்னால், ரோட்டில் வெடி இருக்கிறதா என்று பார்த்து வழி திறக்கப் போவார்கள். மைன் டிடெக்டர் இரும்புக்குத்தான் கத்தும். அங்கே புதைத்ததில் பாதி பிளாஸ்டிக் கேன். தார் ரோட்டை மேலிருந்து தோண்டாமல் பக்கவாட்டில் குடைந்து உள்ளே தள்ளிவிடுவார்கள். மேலே பார்த்தால் ரோடு பழைய ரோடாகவே இருக்கும். வயரை வயல் வழியாக இழுத்துக்கொண்டு போய், தூரத்தில் பனங்கூடலுக்குள் ஒருவன் உட்கார்ந்திருப்பான். அதனால் சப்பர்கள் ரோட்டைப் பார்ப்பதைவிட ரோட்டின் இரண்டு ஓரத்தையும்தான் அதிகம் பார்ப்பார்கள். புதுசாகக் கிளறிய மண், வாடாத புல்லுக்கு நடுவில் வாடிய புல் ஒரு கொத்து, மதகுக்கு அடியில் நகர்ந்திருக்கும் கல். குனிந்தபடியே மைல் கணக்கில் நடப்பார்கள். அவர்களுக்கு இருபது, இருபத்திரண்டு வயதுதான் இருக்கும். படையில் மெட்ராஸ் சப்பர்களைத் 'தம்பி' என்றுதான் கூப்பிடுவோம், அதிகாரிகள்கூட.

தமிழ் தெரிந்த எங்களுக்கு இன்னொரு வேலையும் இருந்தது. வட நாட்டு யூனிட் ஒரு தெருவுக்குள் போனால், வாசலில் நின்று பேச எங்களில் ஒருவனைக் கூட்டிப்போவார்கள். அந்த ஆயா உங்கள் அண்ணனைக் கேட்டதை என்னையும் கேட்டிருக்கிறார்கள். நானும் ஊருக்கு எழுதவில்லை.

சரி, நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். அம்மாவின் பென்ஷன் ஆணை, பி.பி.ஓ. என்பார்கள், அதை எடுங்கள். படை எண், ரேங்க், பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டல், எல்லாம் அதில் இருக்கும். எழுத்துக்கூட்டல் முக்கியம். நாம் வீட்டில் எழுதுவது ஒன்று, ரெக்கார்டில் ஏறியிருப்பது வேறாக இருக்கும். அதை வைத்துக்கொண்டு பெங்களூருவில் மெட்ராஸ் சப்பர்ஸ் ரெக்கார்ட்ஸ் ஆபீசுக்கு அம்மா பெயரில் ஒரு கடிதம் எழுதுங்கள். இறந்த தேதி, இடம், எந்த ஆபரேஷன் என்று கேளுங்கள். வேலூரில் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது, அங்கே கொடுத்தாலும் அனுப்பிவைப்பார்கள். 1987 முதல் 1990 வரை இலங்கையில் நடந்ததற்குப் படைக் குறிப்பில் 'ஆபரேஷன் பவன்' என்று பெயர்.

டெல்லி நினைவிடம் 2019 பிப்ரவரி 25-ல் திறந்தது. அதில் தியாக சக்கரம் என்று ஒரு பகுதி, வட்ட வட்டமாகச் சுவர்கள். சுதந்திரத்துக்குப் பிறகு இறந்த இருபத்தையாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள், ஒவ்வொருவருக்கும் தனிக் கல். ஆபரேஷன் பவனில் இறந்தவர்களும் அதில் உண்டு. நினைவிடத்தின் இணையதளத்தில் பெயரைத் தட்டித் தேடலாம். அங்கே தினமும் மாலையில் இறந்தவரின் குடும்பத்தார் ஒருவரை வைத்து மலர்வளையம் வைக்கும் நிகழ்ச்சி நடக்கிறது. ரெக்கார்ட்ஸுக்கு எழுதும்போதே அதையும் கேட்டுவிடுங்கள். அம்மாவால் போக முடியாவிட்டால் நீங்கள் போகலாம். கொழும்புக்குப் பக்கத்தில் கோட்டேயிலும் அமைதிப்படைக்கு நினைவிடம் இருக்கிறது. நமது பிரதமர் 2015-லும் 2025-லும் அங்கே போய் மாலை வைத்தார். சுமார் 1,200 பேர் திரும்பி வரவில்லை.

இடத்தை எழுதலாமா என்று கேட்டீர்கள். எழுதுங்கள். இலங்கைக்குப் போனவர்களுக்குக் கொடுத்த சேவைப் பதக்கத்தில், ரிப்பன் மேலே இருக்கும் பட்டியில் அந்த நாட்டின் பெயரே இருக்கும். அரசாங்கம் மார்பில் குத்திவிட்ட பெயரை நாம் கல்லில் எழுத ஏன் பயப்பட வேண்டும்? கடைசி ஆட்கள் திருகோணமலையில் கப்பல் ஏறியது 1990 மார்ச் 24. சென்னையில் அவர்களை வரவேற்க மாநில முதல்வர் போகவில்லை. தமிழர்களுக்கு எதிராகப் போன படை என்பது அன்றைய எண்ணம். அரசியலை நான் பேச வரவில்லை. நாங்கள் போகிறோம் என்று சொல்லிக்கொண்டு போகவில்லை, போ என்றார்கள், போனோம். அதற்கப்புறம் பஸ்ஸில் யாராவது 'எங்கே இருந்தீங்க' என்று கேட்டால் நானும் 'காஷ்மீர்' என்று சொன்னதுண்டு. உங்கள் அப்பா சொன்னதை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது.

இன்னொன்று. ரேங்க் 'சப்பர்' என்றே போடுங்கள். மரியாதைக்காக 'கேப்டன்', 'வீரத் தளபதி' என்றெல்லாம் சில ஊரில் போட்டுவிடுகிறார்கள். வேண்டாம். அவர் சப்பராக இருந்துதான் அந்த ரோட்டில் முன்னால் நடந்தார்.

ஆம்பூர் நடுகல் தேடி:

அக்கா, ஊராட்சி சங்கதியை முதலில் சொல்லிவிடுகிறேன், நான் அந்த வேலையில் கொஞ்ச காலம் இருந்தவன்.

சிலை வைக்காதீர்கள். பொது ரோட்டிலும் நடைபாதையிலும் புதிதாகச் சிலை வைக்க அனுமதி கொடுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2013-ல் உத்தரவு போட்டது. அதற்குப் பிறகு சிலை என்ற பேச்சை எடுத்தாலே கோப்பு நகராது. பெயர்க்கல் என்றால் அவ்வளவு இல்லை. ஆனாலும் நெடுஞ்சாலை ஓரம் வேண்டாம். ரோடு அகலப்படுத்தும்போது முதலில் பிடுங்குவது அதைத்தான். உங்கள் குடும்பத்துக்குப் பட்டா நிலம் வழியோரம் இருந்தால் அதுதான் நல்லது. இல்லையென்றால் அவர் படித்த பள்ளிக்கூட வளாகம், தலைமையாசிரியர் மூலம் எழுத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு.

எங்கே வைத்தாலும் கிராம சபையில் ஒரு தீர்மானம் போட்டுவிடுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்துக்கு ஆறு முறை சபை கூடுகிறது. கல்லில் என்ன எழுதப் போகிறீர்களோ அந்த வாசகத்தையே தீர்மானத்தில் முழுசாகச் சேர்த்துவிடுங்கள். நாளைக்கு எவனாவது வந்து கேட்டால் 'இது ஊர் கூடிப் போட்ட எழுத்து' என்று நகலை நீட்டலாம். உங்கள் பெரியவர்களின் பயத்துக்கு இது பாதி மருந்து.

கல்லைப் பற்றி. குப்பம் உங்களுக்குக் கிட்டத்தில், நல்ல கிரானைட் அங்கேயே கிடைக்கும். ஆனால் கண்ணாடி மாதிரிப் பாலிஷ் போட்டு, மெஷினில் மேலாகச் சுரண்டிப் பெயின்ட் அடிக்கும் வேலை வேண்டாம். நாலு வெயில் பார்த்தால் பெயின்ட் உதிர்ந்துவிடும், அப்புறம் சாய்ந்து நின்று பார்த்தால்தான் எழுத்து தெரியும். எழுதுகிற பக்கத்தை மட்டும் சமப்படுத்தி, மற்ற பக்கங்களைக் கரடாகவே விட்டு, உளியில் ஆழமாக வெட்டச் சொல்லுங்கள். நிழல் விழுந்தே எழுத்து தெரியும், பெயின்ட் தேவையில்லை. காலையில் வெயில் பக்கவாட்டில் படும்படி முகத்தை வடக்கு தெற்காக வைக்க முடிந்தால் ரொம்ப நல்லது. மூன்றில் ஒரு பங்கு மண்ணுக்குள் போக வேண்டும், அந்த அளவுக்கு நீளம் கேட்டு வாங்குங்கள்.

வாசகத்துக்கு வருகிறேன், எனக்கு மனசுக்கு நெருக்கமான விஷயம் இது. நம் பக்கம், ஆம்பூர், செங்கம், ஜவ்வாது மலை அடிவாரம், இந்தப் பக்கம் சித்தூர் வரைக்கும் நடுகற்கள் நிறைய. சில கற்களை இன்னும் வேடியப்பன் என்று கும்பிடுகிறார்கள். எங்கள் ஆம்பூரில் பல்லவ நிருபதுங்கவர்மன் காலத்து நடுகற்கள் கிடைத்திருக்கின்றன, நுளம்பன் படை வந்து ஆம்பூர் மாட்டுமந்தையைக் கவர்ந்தபோது மீட்கப் போய் இறந்தவர்களுக்கு வைத்தவை. அந்தக் கற்களின் எழுத்தில் அலங்காரமே கிடையாது. எந்த ராஜாவின் எத்தனையாவது ஆட்சியாண்டு, எந்த ஊர்க்காரன், யார் மகன், எந்தச் சண்டையில், என்ன செய்து பட்டான். அவ்வளவுதான். ஆயிரம் வருஷத்துக்கு மேலாகியும் அவன் யார் என்று நமக்குத் தெரிவதற்கு அந்த விவரம்தான் காரணம். 'நாட்டுக்காக' என்று மட்டும் வெட்டியிருந்தால் இன்றைக்கு ஒன்றுமே தெரிந்திருக்காது.

அதனால் பெயர், அப்பா அம்மா பெயர், ஊர், படைப்பிரிவு, எண், இறந்த தேதி, இடம், எப்படி இறந்தார். இவ்வளவு போதும். அம்மா பெயரை விட்டுவிடாதீர்கள்.

மேல்மொணவூர் பிள்ளை:

எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாளாய் யோசித்துவிட்டு எழுதுகிறேன், அக்கா.

நான் யாழ்ப்பாணத்தில் பிறந்தவள். 1990-ல் மன்னாரிலிருந்து படகில் வந்து, மண்டபம் முகாம், பிறகு வேலூர் மேல்மொணவூர் முகாமில் வளர்ந்தவள். பேச்சு இப்போது பாதி உங்கள் பக்கத்துப் பேச்சாகிவிட்டது. உங்கள் அண்ணன் எழுதிய துலா எங்கள் வளவிலும் இருந்தது. அதில் ஏறி நடந்தவர் என் மாமா. 1987 ஒக்டோபரில் ஷெல் விழுந்து அவர் செத்துப்போனார். யார் அடித்த ஷெல் என்று யாருக்கும் தெரியாது. அந்த மாதம் 21-ஆம் தேதி, தீபாவளி நாளில், யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குள் வைத்தியர்களும் தாதிமாரும் நோயாளிகளும் கொல்லப்பட்டார்கள். எங்கள் வீட்டில் அந்தப் படையின் பெயரைச் சொன்னால் அம்மா எழுந்து போய்விடுவா. இதை மறைத்துவிட்டு உங்களுக்கு ஆறுதல் எழுத என்னால் ஏலாது.

ஆனால் உங்கள் அண்ணனுக்குக் கல் வைக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. 23 வயதில் ஒரு பிள்ளை செத்திருக்கிறது. பெற்றவள் அவன் பெயரைக் கல்லில் பார்க்க வேண்டும் என்கிறா. எங்கள் மாமாவுக்கு எங்கேயும் கல் இல்லை. அப்படி ஒன்று இருந்தால் அம்மாவுக்கு எவ்வளவு பெரிய விஷயமாய் இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும்.

நான் கேட்பது ஒன்றுதான். உண்மையான இடத்தை எழுதுங்கள். யாழ்ப்பாணம் என்றே எழுதுங்கள். அதை ஒளித்தால் எங்கள் ஊரில் நடந்ததையும் சேர்த்து ஒளிக்கிற மாதிரி ஆகிவிடும். அதே மாதிரி, 'தமிழர்களைக் காக்கச் சென்று' என்றோ 'பயங்கரவாதிகளை வீழ்த்தி' என்றோ எழுதாதீர்கள். அமைதிப்படை என்பது படையின் பெயர், அது இருக்கட்டும். கண்ணிவெடியில் இறந்தார் என்றால் அது மட்டும் போதும். அப்படி எழுதினால், கல் வைக்கும் நாளில் நானே பஸ் ஏறி வந்து பூ வைப்பேன்.

அந்த ஆயா தண்ணீர் கொடுத்ததை எழுதினீர்களே, அதை என் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். இந்த முறை எழுந்து போகாமல் முழுக்கக் கேட்டா. 'எவடத்து மனுசியோ' என்று மட்டும் சொன்னா.

கணியம்பாடி ஹவில்தார்:

மேல்மொணவூர் தங்கச்சிக்கு: நீங்கள் எழுதியதில் ஒரு வரியைக்கூட நான் மறுக்கப் போவதில்லை. நாங்கள் பார்த்ததும் இருக்கிறது, பார்க்காததும் இருக்கிறது. என் கூட இருந்தவர்கள் செத்த நாளில் எனக்கு இருந்த கோபமும் ஞாபகம் இருக்கிறது, அந்தக் கோபத்தோடு அடுத்த தெருவுக்குள் போனால் என்ன ஆகும் என்பதும் தெரியும். உங்கள் அம்மாவிடம் நான் எதையும் கேட்கும் நிலையில் இல்லை. அவர்கள் நன்றாக இருக்க வேண்டும்.

வாசகம் பற்றி நீங்கள் சொன்னதுதான் சரி. படைக் குறிப்பிலும் அப்படித்தான் இருக்கும், தேதி, இடம், காரணம். பட்டம் எதுவும் இருக்காது.

எல்லையோரத் தங்கை:

எல்லோருக்கும் நன்றி. மேல்மொணவூர் தங்கச்சி, உங்கள் பதிவை நான் பலமுறை படித்துவிட்டேன். உங்கள் மாமாவைப் பற்றி இன்னும் எழுத விருப்பம் இருந்தால் எனக்குத் தனியாக எழுதுங்கள். அவர் பெயர் என்ன, எந்த ஊர், எல்லாம் தெரிந்துகொள்ள வேண்டும் போல இருக்கிறது.

பி.பி.ஓ. கிடைத்துவிட்டது. அதில் அவன் பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டல் நாங்கள் எழுதுவது மாதிரியே இல்லை. ஹவில்தார் அண்ணா சொன்னதால்தான் பார்த்தேன், இல்லையென்றால் நினைவிடத்தின் இணையதளத்தில் தேடியிருந்தாலும் கிடைத்திருக்காது. புது எழுத்துக்கூட்டலில் தேடியபோது பெயர் வந்தது. அம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்துக் காட்டினேன். அவளுக்குத்தான் படிக்கத் தெரியாதே, எது அவன் பெயர் என்று விரலை வைத்துக் காட்டச் சொன்னாள். காட்டினேன். அப்புறம் அவளே ஒருமுறை விரல் வைத்துப் பார்த்தாள், செல்போன் திரை நகர்ந்து வேறு பெயருக்குப் போய்விட்டது. 'கல்லு நகராது இல்ல?' என்று கேட்டாள்.

பெரியவர்களிடம் இந்தப் பதிவுகளைப் படித்துக் காட்டினேன். நடுகல் தேடித் தம்பி சொன்ன தீர்மான யோசனையில்தான் சம்மதித்தார்கள். ஒரு பெரியவருக்கு மட்டும் இன்னும் தயக்கம். 'இந்த ஊர்ல ரெண்டு பாஷை பேசறோம், ஒருத்தனும் ஒருத்தன வெட்டல, எதுக்கு அந்த ஊர்ச் சண்டைய இங்க கொண்டாறது' என்றார். அவர் அண்ணனோடு ஒரே பெஞ்சில் படித்தவர். அவரிடம் நான் வாதாடவில்லை. அண்ணன் கடிதங்களைக் கையில் கொடுத்து, வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படியுங்கள் என்றேன். மறுநாள் கொண்டுவந்து கொடுத்தார். 'ஊர் பேரைப் போடும்மா' என்றார். வேறு எதுவும் பேசவில்லை.

இடம் எங்கள் பட்டாவிலேயே, வழியோரம், புளியமரத்துக்குக் கீழ். இப்போதைக்கு எழுதி வைத்திருக்கும் வாசகம் இது. பெயர்களை மட்டும் இங்கே விட்டுவிட்டேன்:

'சப்பர் (பெயர்). படை எண். மெட்ராஸ் சப்பர்ஸ், இந்திய அமைதிப்படை. இவ்வூர் நெசவாளர் (அப்பா பெயர்), (அம்மா பெயர்) தம்பதியரின் மகன். 1988-ஆம் ஆண்டு இலங்கை யாழ்ப்பாணத்தில் சாலையில் கண்ணிவெடி அகற்றும் பணியில் வெடித்து இறந்தார். வயது 23. ஊரார் வைத்த கல்.'

தேதி ரெக்கார்ட்ஸிலிருந்து வந்ததும் சேர்ப்பேன். தெலுங்கிலும் இதையே கல்லின் பின்பக்கம் வெட்டலாம் என்று சொல்கிறார்கள், பலமநேர்ப் பக்கத்து உறவுக்காரர்களும் வருவார்கள். ஏதாவது திருத்தம் இருந்தால் சொல்லுங்கள்.

ஆம்பூர் நடுகல் தேடி:

வாசகம் நன்றாக இருக்கிறது அக்கா. 'பணியில் வெடித்து இறந்தார்' என்பதைக் 'கண்ணிவெடி அகற்றும் பணியில் இருந்தபோது வெடித்ததில் இறந்தார்' என்று மாற்றுங்கள், இல்லாவிட்டால் வாக்கியம் இடறுகிறது. பின்பக்கம் தெலுங்கு தாராளமாக வெட்டலாம், ஆனால் கல்லின் கனம் முக்கால் அடிக்குக் குறையாமல் பாருங்கள், இரண்டு பக்கமும் ஆழமாக வெட்டினால் மெல்லிய கல் தாங்காது. புளியமரத்துக்கு நேர்கீழே வேண்டாம், வேர் தள்ளிக் கல்லைச் சாய்த்துவிடும். பத்தடி தள்ளி வையுங்கள். குப்பத்தில் வாங்கினால் ஏற்றுவதற்கு முன்னாலேயே தண்ணீர் ஊற்றிப் பாருங்கள், மயிரிழை விரிசல் இருந்தால் ஈரத்தில் காட்டிக்கொடுக்கும்.

கணியம்பாடி ஹவில்தார்:

தேதி உறுதியாகும் வரை உளி வைக்கச் சொல்லாதீர்கள். ரெக்கார்ட்ஸுக்குக் கடிதம் போட்டுப் பதில் வர நாளாகும். நான் அடுத்த வாரம் மகன் வீட்டுக்குப் பெங்களூரு போகிறேன். அம்மா கைநாட்டு வைத்த ஒரு கடிதமும் பி.பி.ஓ. நகலும் கொடுங்கள், நேரிலேயே போய்க் கேட்கிறேன். எண்ணைப் பொதுவில் போடாமல் தனிச்செய்தியில் அனுப்புங்கள். நான் போகும் ரயில் குடியாத்தத்தில் நிற்கும், பிளாட்பாரத்திலேயே யாரையாவது விட்டுக் கொடுத்தனுப்பினால் போதும்.